கலிபோர்னியா, டெக்சஸ் மாநிலங்களில் கட்டட ஒப்பந்ததாரர் உரிம முறை: ஓர் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஒப்பந்தம் எடுப்பவர் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டுமா என்பதை நடுவண் அரசு முடிவு செய்வதில்லை. அது அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். இதனால் ஒரே தொழிலைச் செய்யும் ஒருவர் ஒரு மாநிலத்தில் தேர்வு எழுதி, பிணை கட்டி, உரிம எண்ணைத் தம் வண்டியிலேயே எழுதிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. மற்றொரு மாநிலத்தில் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு வண்டியும் இருந்தால் போதும். நாட்டின் மக்கள்தொகையில் முதல் இரண்டு இடங்களில் உள்ள கலிபோர்னியாவும் டெக்சஸும் இந்த வேறுபாட்டின் இரு முனைகளாக அடிக்கடி காட்டப்படுகின்றன. கலிபோர்னியா இறுக்கமானது, டெக்சஸ் தளர்வானது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எந்த மாநிலம் யாருக்கு உரிமம் தருகிறது என்பதைப் பார்த்தால் விளங்கும்.

உரிமம் ஏன்?

வீட்டு உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையில் அறிவில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. சுவருக்குள் ஓடும் மின்கம்பி சரியான தடிமன் உள்ளதா, கூரை ஓட்டுக்கு அடியில் நீர்காப்பு விரிப்பு போடப்பட்டதா என்பது வேலை முடிந்த பின் கண்ணுக்குத் தெரியாது. குறை வெளிப்படும்போது சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒப்பந்ததாரர் வேறு ஊருக்குப் போயிருப்பார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமான பொருள் பின்தள்ளப்படும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். கட்டடத் தொழிலுக்கு அது அப்படியே பொருந்தும்.

எதிர்வாதமும் வலுவானதே. உரிமம் என்பது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களுக்குப் போடும் வேலி என்று மில்டன் பிரீட்மன் 1962இல் எழுதினார். 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. 2015இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஓர் அறிக்கை அந்த அளவு நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டதாகக் கூறியது. இரு மாநிலங்களின் சட்டங்களும் இந்த இரண்டு கருத்துகளுக்கும் இடையே நடந்த இழுபறியின் விளைவுகளே.

கலிபோர்னியா: ஒரே வாரியம், ஒரே எண்

கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர் உரிம முறை 1929இல் தொடங்கியது. 1935இல் அதற்கெனத் தனி வாரியம் ஏற்பட்டது. 1938இல் திறன்தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. இன்று ஒப்பந்ததாரர் மாநில உரிம வாரியம் என்ற அந்த அமைப்பு, மாநில நுகர்வோர் நலத்துறையின் கீழ் இயங்குகிறது. அதன் பதிவேட்டில் சுமார் 2,80,000 உரிமங்கள் உள்ளன.

உரிமங்கள் எழுத்துகளால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. 'ஏ' என்பது பாலம், சாலை, அணை போன்ற பொறியியல் பணிகளுக்கு. 'பி' என்பது பொதுக் கட்டடப் பணிகளுக்கு. 'சி' என்பதன் கீழ் தனித்தொழில்கள் வருகின்றன: சி-10 மின்பணி, சி-36 குழாய்ப்பணி, சி-39 கூரைப்பணி, சி-33 வண்ணப்பூச்சு, சி-53 நீச்சல்குளம் என்று பட்டியல் நீள்கிறது. சமையலறை, குளியலறை போன்றவற்றைப் புதுப்பிப்பவர்களுக்காக பி-2 என்ற புதிய வகை 2021இல் சேர்ந்தது.

விண்ணப்பதாரர் கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள், மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யும் அளவு தேர்ச்சியுடன் அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும். அதை வேறொருவர் சான்றளிக்க வேண்டும். பிறகு சட்டமும் வணிகமும் பற்றி ஒரு தேர்வு, தொழில் பற்றி ஒரு தேர்வு. கைரேகை எடுக்கப்பட்டுக் குற்றப்பின்னணி பார்க்கப்படும். கடைசியாக, 25,000 டாலருக்கான பிணைப்பத்திரம் வேண்டும். 2022 வரை இத்தொகை 15,000 டாலராக இருந்தது.

இந்தப் பிணைப்பத்திரத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஒவ்வொரு வீட்டுக்குமான காப்பீடு அன்று. ஒப்பந்ததாரரால் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து இருக்கும் ஒரே தொகை. ஒருவர் பத்து வீடுகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தால், பத்துக் குடும்பங்களும் அதே 25,000 டாலருக்காக வரிசையில் நிற்க வேண்டும். ஒரு சமையலறையைப் புதுப்பிக்கவே அதைவிட அதிகம் செலவாகும் மாநிலம் அது.

உண்மையான பாதுகாப்பு வேறு விதிகளில் இருக்கிறது. வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. 40,000 டாலர் வேலைக்கும் முன்பணம் 1,000 டாலர்தான். அதன் பிறகு, முடிந்த வேலைக்கும் வந்து இறங்கிய பொருளுக்கும் மட்டுமே பணம் கேட்கலாம். உரிம எண்ணை விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் வணிக வண்டியிலும் காட்ட வேண்டும். அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் இட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, பிணை உள்ளதா, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்.

சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. கூலியும் பொருளும் சேர்ந்து 500 டாலருக்குக் குறைந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை என்ற வரம்பு பல ஆண்டுகள் மாறாமலே இருந்தது. 2025 சனவரி 1 முதல் அது 1,000 டாலர் ஆனது. ஆனால் வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக் கூடாது, உதவியாளரை அமர்த்தியிருக்கவும் கூடாது. விலைவாசி உயர உயர, மாறாத வரம்பு தானாகவே இறுகிக்கொண்டு வந்தது. கதவு பொருத்துவது, வேலிப்பலகை மாற்றுவது போன்ற வேலைகளும் அதில் சிக்கின.

அலைக்குளத்தின் கதை

கலிபோர்னியச் சட்டத்தின் கடுமையைக் காட்ட வழக்குரைஞர்கள் எடுத்துச் சொல்வது 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹைட்ரோடெக் வழக்கு. செயற்கைக் கடலலை எழுப்பும் கருவிகளைச் செய்யும் நியூயார்க் நிறுவனம் ஒன்று, பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் நீர்ப்பூங்கா ஒன்றில் அலைக்குளம் அமைத்தது. அதனிடம் கலிபோர்னிய உரிமம் இல்லை. வேலை முடிந்த பின் பூங்கா தரப்பு பணத்தின் ஒரு பகுதியைத் தரவில்லை. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் வாக்களித்து ஏமாற்றினார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. ஏமாற்றியது உண்மையாகவே இருந்தாலும் உரிமம் இல்லாதவர் கூலிக்காக வழக்குத் தொடர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

சட்டம் அத்துடன் நிற்கவில்லை. 2002 முதல், உரிமம் இல்லாதவருக்குக் கொடுத்த பணம் முழுவதையும் வீட்டு உரிமையாளர் திரும்பக் கேட்கலாம். வேலை குறையின்றி முடிந்திருந்தாலும் கேட்கலாம். தோட்ட அமைப்பு தொடர்பான ஒரு வழக்கில், ஒப்பந்ததாரரிடம் உரிமம் இல்லை என்று தெரிந்தே வேலை கொடுத்தவரும் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. வேலை நடந்த காலம் முழுவதும் உரிமம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். இடையில் காலாவதியானாலும் ஆபத்துதான்.

இவ்வளவு கடுமை நியாயமா என்ற கேள்வி எழாமல் இல்லை. பூங்கா முதலாளிக்கு வழக்குரைஞர் உண்டு; பெரிய நிறுவனங்கள் உரிமம் எடுத்துவிடும். அடி விழுவது பெரும்பாலும் நன்றாக வேலை தெரிந்தும் தேர்வை எழுதாதவர், ஆங்கிலத்தில் தடுமாறுபவர் மீதுதான். இதை ஓரளவு உணர்ந்தே, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத குடியேறியவர்கள் வரி அடையாள எண்ணைக் கொண்டு தொழில் உரிமங்களுக்கு விண்ணப்பிக்க வழிசெய்யும் சட்டத்தை மாநிலம் 2014இல் இயற்றியது.

உரிமமின்றி ஒப்பந்தம் எடுப்பது குற்றமும்கூட. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை தண்டமும் விதிக்கலாம். வாரியத்தின் புலனாய்வாளர்கள் வீட்டு உரிமையாளர்போல் நடித்து, ஒரு வீட்டுக்கு ஆட்களை விலைகூற வரவழைத்துப் பிடிப்பது வாடிக்கை.

டெக்சஸ்: வீட்டுக்கு உரிமம் இல்லை, குழாய்க்கு உண்டு

டெக்சஸில் பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமம் என்று ஒன்று இல்லை. கூரை போடுபவருக்கும் இல்லை. வண்ணம் பூசுபவருக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் இல்லை. டாலஸ், போர்ட் வொர்த் போன்ற நகரங்கள் அனுமதி பெறும் ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கின்றன. சான் அன்டோனியோ வீட்டு மேம்பாட்டு ஒப்பந்ததாரர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே உள்ள கவுன்டிப் பகுதிகளில் அதுவும் பெரும்பாலும் கிடையாது.

ஆனால் உயிராபத்து உடனடியாகத் தெரியும் தொழில்களில் டெக்சஸ் தளர்வாக இல்லை. குழாய்ப்பணிக்கு 1947 முதலே தனித் தேர்வு வாரியம் உண்டு. அமெரிக்காவில் குழாய்ப்பணி என்பது தண்ணீரோடு எரிவாயுக் குழாயையும் சேர்த்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மின்பணியாளர்களுக்கு 2003இல் நிறைவேறிய சட்டத்தின்படி மாநில உரிமம் வந்தது. அதற்கு முன் நகரங்கள் தனித்தனியே வழங்கிவந்தன. குளிர்பதனம், கிணறு தோண்டுதல், பூஞ்சணம் அகற்றுதல் ஆகியவற்றுக்கும் உரிமம் வேண்டும்.

உரிமம் யார் கையில்?

ஒப்பீட்டில் பலர் தவறவிடும் இடம் இது. கலிபோர்னியா உரிமம் தருவது பெரும்பாலும் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனத்துக்கு. நிறுவனத்தின் சார்பில் தகுதி பெற்ற ஒருவர் தேர்வு எழுதியிருந்தால் போதும். அவரிடம் வேலை செய்யும் குழாய்ப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனியே மாநில உரிமம் தேவையில்லை. மின்பணியாளர்களுக்கு மட்டும் தனிச் சான்றிதழ் முறை இருக்கிறது.

டெக்சஸில் உரிமம் ஆளுக்கு. குழாயில் கைவைப்பவர் பயிற்சியாளராகப் பதிவு செய்தவராகவோ உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற மின்பணியாளர் ஆக 8,000 மணி நேரமும், அதற்கு மேல்படியான தலைமை மின்பணியாளர் ஆக 12,000 மணி நேரமும் மேற்பார்வையின் கீழ் வேலை செய்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் தொடர்கல்வியும் உண்டு. கலிபோர்னிய ஒப்பந்ததாரரோ ஒருமுறை தேர்வில் தேறிவிட்டால் இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், தொடர்கல்வி கேட்பதில்லை.

எனவே சமையலறைக் குழாயை மாற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டால், வீட்டுக்குள் வந்து நிற்கும் ஆளைப் பற்றி மாநிலத்துக்கு அதிகம் தெரிந்திருப்பது டெக்சஸில்தான். முழு வீட்டையும் கட்டித்தர ஒப்பந்தம் போட்டவரைப் பற்றி அதிகம் தெரிந்திருப்பது கலிபோர்னியாவில்.

நிறுவன உரிமத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தேர்வு எழுதித் தகுதி பெற்றவர் தம் பெயரை மட்டும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, வேலையிடத்தை எட்டிப் பார்க்காமல் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்வது. இந்த வாடகை வழக்கத்தைத் தடுக்க, ஊழியராக இருந்து தகுதி தருபவர் வாரத்துக்கு 32 மணி நேரமோ நிறுவனத்தின் வேலை நேரத்தில் 80 விழுக்காடோ அங்கே இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா விதித்துள்ளது.

ஆறாண்டு வாழ்ந்த ஆணையம்

டெக்சஸ் வீடு கட்டுவோரை ஒழுங்குபடுத்த முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. 2003இல் சட்டமன்றம் டெக்சஸ் வீட்டுக் கட்டுமான ஆணையத்தை ஏற்படுத்தியது. கட்டுநர்கள் அதில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதில் தேர்வோ கலிபோர்னியா போன்ற தகுதி விதியோ இல்லை. மேலும், குறையுள்ள வீட்டை வாங்கியவர் நீதிமன்றம் போகும் முன் ஆணையத்தின் ஆய்வு நடைமுறை வழியாகச் செல்ல வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. நுகர்வோரைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட ஆணையம், கட்டுநர்களை வழக்குகளிலிருந்து காக்கிறது என்று வீட்டு உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2006இல் மாநிலத்தின் கணக்குத் தலைவராக இருந்த கேரல் கீட்டன் ஸ்ட்ரேஹார்னும் அதையே கூறி, ஆணையத்தைக் கலைக்க வேண்டும் என்றார்.

டெக்சஸில் அரசு அமைப்புகளுக்கு ஆயுட்காலம் உண்டு. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை சட்டமன்றம் மறுபடி உயிர் தராவிட்டால் அமைப்பு தானே மறையும். 2009இல் இந்த ஆணையத்தைச் சட்டமன்றம் புதுப்பிக்கவில்லை. உரிமம் வேண்டும் என்றவர்களும் ஒழுங்குமுறையே வேண்டாம் என்றவர்களும் அதை ஒழிப்பதில் ஒன்றுபட்டது விந்தை. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

அதே விதி 2019இல் குழாய்ப்பணி வாரியத்தின் மீதும் பாய்ந்தது. அதன் பணிகளை வேறு துறையுடன் சேர்ப்பதா என்ற பிணக்கில் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. வாரியமும் குழாய்ப்பணிச் சட்டமும் காலாவதியாக இருந்தன. ஆயிரக்கணக்கில் மணி நேரம் உழைத்து உரிமம் பெற்றவர்கள், நாளை யார் வேண்டுமானாலும் எரிவாயுக் குழாயைத் தொடலாம் என்ற நிலையைப் பார்த்து ஆஸ்டினில் திரண்டார்கள். 2017இன் ஹார்வி புயல் பாதிப்பிலிருந்து மீள்வதற்குக் குழாய்ப்பணியாளர்கள் தேவை என்ற காரணத்தைக் காட்டி, ஆளுநர் கிரெக் ஆபட் நிர்வாக ஆணை மூலம் வாரியத்தின் ஆயுளை 2021 வரை நீட்டித்தார். 2021இல் சட்டமன்றம் அதை முறையாகப் புதுப்பித்தது. தொழில் உரிமத்தை எதிர்க்கும் அரசியல் வலுவாக உள்ள ஒரு மாநிலத்தில், உரிமத்தைக் காக்கத் தெருவுக்கு வந்தவர்கள் உரிமம் பெற்ற தொழிலாளர்களே.

உரிமம் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது?

டெக்சஸில் கட்டுப்பாடு முன்கூட்டியே வருவதில்லை, பின்னால் வருகிறது. ஏமாற்று வணிக நடைமுறைகளுக்கு எதிரான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். வீட்டுக் குறைகளுக்கு 1989இல் வந்த தனிச்சட்டம் உண்டு. அதன்படி வழக்குக்கு 60 நாள் முன் ஒப்பந்ததாரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் பார்வையிட்டுச் சரிசெய்ய வாய்ப்பளிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு டெக்சஸ் அரசியலமைப்பே காவல் நிற்கிறது: கணவன் மனைவி இருவரும் வேலை தொடங்கும் முன் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால், கூலி பாக்கிக்காக ஒப்பந்ததாரர் அந்த வீட்டின் மீது பிடியுரிமை கோர முடியாது.

இவையெல்லாம் நீதிமன்றத்தில் பயன்படுபவை. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமும் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவருக்கே அவை கைகொடுக்கும். 6,000 டாலர் முன்பணத்தை இழந்தவருக்கு உரிமத்தைப் பறிப்பேன் என்று மிரட்ட ஒரு வாரியமும் இல்லை, பறிக்க ஓர் உரிமமும் இல்லை.

ஆலங்கட்டி மழையும் காட்டுத்தீயும்

டாலஸ் வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்தால் சில நாட்களுக்குள் வெளியூர்க் கூரை நிறுவனங்கள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். காப்பீட்டுப் பணம் வரும் என்பதால் கூரைத்தொழிலுக்கு அது அறுவடைக் காலம். உரிமம் கொண்டுவரும் முயற்சிகள் சட்டமன்றத்தில் நிறைவேறாத நிலையில், டெக்சஸ் ஓட்டைகளைத் தனித்தனியே அடைத்துவருகிறது. பேரிடர்ப் பகுதியில் உள்ளூர் அலுவலகம் இல்லாத ஒப்பந்ததாரர் வேலை தொடங்கும் முன் பணம் கேட்கக் கூடாது என்று 2011இல் சட்டம் வந்தது. காப்பீட்டில் உரிமையாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைத் தாமே தள்ளுபடி செய்வதாக ஆசைகாட்டுவது 2019இல் தடுக்கப்பட்டது. கூரை வேலை எடுப்பவரே வீட்டுக்காரர் சார்பில் காப்பீட்டு நிறுவனத்துடன் பேரம் பேசக் கூடாது என்ற விதியை ஒரு கூரை நிறுவனம் எதிர்த்தது. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2024இல் விதியை நிலைநிறுத்தியது. கூரைத்தொழிலாளர் சங்கமே தன்னார்வ உரிமத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. நல்ல பெயரைக் காக்க விரும்பும் நிறுவனங்கள் அதில் சேர்கின்றன. தட்டிவிட்டு ஓடுபவர்கள் சேர்வதில்லை.

கலிபோர்னியாவில் அச்சம் தீயைப் பற்றியது. அறிவிக்கப்பட்ட பேரிடர்ப் பகுதியில் உரிமமின்றி ஒப்பந்தம் எடுப்பது அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படலாம். 2018இல் பாரடைஸ் நகரம் எரிந்த பின்னும், 2025 சனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தீவிபத்துக்குப் பின்னும் வாரியத்தின் ஆட்கள் அங்கே இறங்கினார்கள். ஆனால் பல்லாயிரம் வீடுகள் ஒரே நேரத்தில் வேண்டும்போது, உரிமம் பெற்ற ஆட்கள் போதாமல் விலை ஏறுவதை எந்த வாரியமும் தடுக்க முடியாது.

தொழிலாளர் பக்கம்

கூரையிலிருந்து விழுந்தவருக்கு யார் செலவு செய்வது என்பதில்தான் இரு மாநிலங்களும் மிகவும் விலகி நிற்கின்றன. தனியார் முதலாளிகள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுக்காமலே இருக்கப் பொதுவாக அனுமதிக்கும் ஒரே மாநிலம் டெக்சஸ். கலிபோர்னியாவில் கூரை ஒப்பந்ததாரர் ஆளே வைத்துக்கொள்ளாவிட்டாலும் அக்காப்பீட்டை எடுத்தாக வேண்டும். ஆளில்லை என்று பொய் சொல்லித் தப்பித்தவர்களால் வந்த விதி அது. 2023 முதல் கான்கிரீட், குளிர்பதனம், கல்நார் அகற்றல், மரம்வெட்டுதல் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்தச் செலவு கலிபோர்னிய ஒப்பந்ததாரர் கூறும் விலையில் சேர்ந்துவிடுகிறது. டெக்சஸின் குறைந்த விலையில் ஒரு பகுதி, விபத்து நடந்தால் தொழிலாளியின் குடும்பம் ஏற்கும் சுமை.

அதே நேரம், டெக்சஸ் கலிபோர்னியாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு புதிய வீடுகளுக்கு ஆண்டுதோறும் அனுமதி தருவதை உரிம முறையின் விளைவாகக் காட்டுவது சரியாகாது. நில விலை, மண்டல விதிகள், சுற்றுச்சூழல் ஆய்வு ஆகியவற்றின் பங்கு அதைவிடப் பெரிது.

மாநிலம் மாறுவோருக்கு

நெவாடா, அரிசோனா, லூசியானா போன்ற மாநிலங்களின் உரிமத்தைக் கலிபோர்னியா ஓரளவு ஏற்கிறது. அங்கே 5 ஆண்டுகள் நன்னிலையில் உரிமம் வைத்திருந்தவருக்குத் தொழில்தேர்வு தள்ளுபடி ஆகும், சட்டத்தேர்வு ஆகாது. இந்தப் பட்டியலில் டெக்சஸ் இல்லை. 20 ஆண்டுகள் ஹூஸ்டனில் வீடு கட்டிய ஒருவரிடம் ஒப்பிட்டுக் காட்ட ஓர் உரிமமே இராது. அவர் சாக்ரமென்டோவுக்கு வந்தால், பழைய முதலாளியிடமோ உடன் வேலை செய்தவரிடமோ நான்காண்டு அனுபவத்துக்குக் கையெழுத்து வாங்கி, இரண்டு தேர்வுகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எதிர்த்திசையில் போகும் கலிபோர்னியப் பொதுக் கட்டட ஒப்பந்ததாரர் ஹூஸ்டனில் இறங்கிய மறுநாளே விலை கூறத் தொடங்கலாம். சுவருக்குள் கம்பியிழுக்க மட்டும் அவர் டெக்சஸ் உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.